தலைப்பெழுத்தின் அதிகாரம்

ஒரு சொல்லை வாசிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுகிறோம். இந்தப் பார்வைக்கும் வாசிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது; கணக்கில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லாதது என்று இலக்கியவாதிகள் நினைப்பது வழக்கம். சொல் என்றால் அவர்களுக்கு ஒலியும் பொருளும்தான். அச்சில் அது எந்த முகத்தோடு நிற்கிறது என்பது அச்சுக்கோப்பவரின் பாடு. ஆனால் அந்தச் சிறு இடைவெளியில்தான் நம் சம்மதம் கேட்கப்படாமலே வாங்கப்பட்டுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லில் வெட்டியதுபோல் நிற்கிற வாக்கியத்தை நம்பத் தொடங்கிய பிறகே அதன் பொருளை அறிகிறோம். இதை வெறும் அழகியல் பிரச்னை என்று ஒதுக்க முடியாது. கேட்காமல் வாங்கப்பட்ட சம்மதம் எப்போதுமே அறம் சம்பந்தப்பட்டது.

1930ல் ப்யாட்ரிஸ் வார்ட் என்ற பெண்மணி அச்சுக்கலைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய ஒரு சொற்பொழிவு இந்த விஷயத்தில் இன்றுவரை வேதம்போல் பாராயணம் செய்யப்படுகிறது. அவர் வாதம் எளியது. நல்ல மதுவைத் தங்கக் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணம்தான் தெரியும். மெல்லிய பளிங்குக் கோப்பையில் ஊற்றினால் மது தெரியும். அச்செழுத்தும் அப்படிப் பளிங்காக, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். கேட்பதற்கு அடக்கத்தின் தத்துவம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. வார்ட் வேலை பார்த்தது மோனோடைப் என்ற அச்செழுத்துக் கம்பெனியில். அவர் பேசி இரண்டு வருஷத்தில், 1932ல், அதே கம்பெனியின் துணையோடு லண்டன் டைம்ஸ் பத்திரிகை தனக்கென்று ஒரு புது எழுத்தைச் செய்துகொண்டது: டைம்ஸ் நியூ ரோமன். பிற்பாடு அது உலகத்துக் கம்ப்யூட்டர்களிலெல்லாம் குடியேறி, எந்த முகமும் இல்லாத எழுத்து என்று பெயர் வாங்கியது. முகமில்லை என்பது உண்மையா? ஒரு ஸ்தாபனத்தின் முகத்தை அன்றாடம் பார்த்துப் பழகிவிட்டால் அது முகமில்லாததுபோல் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். பளிங்குக் கோப்பையும் யாரோ ஒருவர் வீட்டுக் கோப்பைதான்.

ஆக, தன்னை மறைத்துக்கொள்ளும் எழுத்து நேர்மையானது, முன்னால் வந்து நிற்கிற எழுத்து படாடோபமானது என்ற பிரிவினை செல்லாது. எழுத்து முன்னால் வந்து நின்றே தீரும் என்றால், அங்கே நின்று அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. இதை யோசிக்க எனக்குக் கைகொடுத்தது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன். 1995 அக்டோபர் 4 தொடங்கி 1996 மார்ச் 27 வரை, 26 பகுதிகளாக, டோக்கியோ டெலிவிஷனில் வந்த ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’. இயக்கியவர் ஹிடெயாகி அன்னோ. தயாரித்தது கைனாக்ஸ் ஸ்டூடியோ. வெளித்தோற்றத்தில் ராட்சத யந்திரங்கள் வானத்திலிருந்து வரும் ஜந்துக்களோடு மோதும் கதை. உள்ளே ஷிஞ்சி என்ற 14 வயதுப் பையன். வருஷக்கணக்கில் எட்டிப்பார்க்காத தகப்பன் திடீரென்று அழைக்கிறார். வந்து சேர்ந்ததும், அந்த யந்திரத்தில் ஏறு, இல்லாவிட்டால் திரும்பிப் போ என்கிறார். ஏறுவதா வேண்டாமா என்பதிலேயே தொடர் முழுவதும் கழிகிறது. கதை இங்கே எனக்கு இவ்வளவு போதும். நான் பேச வந்தது தலைப்புகளைப் பற்றி.

இந்த மாதிரித் தொடர்களில் தலைப்பு பொதுவாக உருண்டு திரண்டு, வண்ணம் பூசிக்கொண்டு, ஒரு துள்ளலோடு வரும். இங்கே படம் சட்டென்று அறுகிறது. கறுத்த திரை. வெள்ளையில் மிகத் தடித்த எழுத்து. அசைவு கிடையாது. எழுத்துகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு சொல் திரையை அடைத்துக்கொண்டு நிற்க, அடுத்தது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. வரி மேலிருந்து இறங்கி மூலையில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடுகிறது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாகவும் போகும், இடமிருந்து வலமாகவும் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம். ஆகவே தாயக்கட்டத்தில் காய் மூலையில் திரும்புவதுபோல் ஒரு வாக்கியம் திரும்ப முடிகிறது. வாசிப்பவன் அந்த மூலையில் ஒரு கணம் தடுக்கி நின்று மேலே போகவேண்டும்.

இது அன்னோவின் சொந்தச் சரக்கல்ல. கோன் இச்சிகாவா 1976ல் எடுத்த ‘இனுகாமி குடும்பம்’ படத்தின் பெயர்ப்பட்டியல் இப்படித்தான், தடித்த எழுத்து மூலையில் முறிந்து திரும்பும் வரிகளாக வருகிறது. எடுத்துக்கொண்டது வெளிப்படை, மறைக்கிற பாவனையே இல்லை. இந்த இரவலில் இரண்டு விஷயங்கள் என்னைக் கவர்கின்றன. ஒன்று, இச்சிகாவா சினிமாவுக்குள் நுழைந்ததே 1930களில் க்யோட்டோவில் ஒரு ஸ்டூடியோவின் கார்ட்டூன் பிரிவு வழியாகத்தான். கார்ட்டூனிலிருந்து சினிமாவுக்குப் போன ஒருவரிடமிருந்து எழுத்து மறுபடி கார்ட்டூனுக்குத் திரும்பியிருக்கிறது. மற்றது, அந்தப் படத்தின் கதை: செத்துப்போன ஒரு பெரியவர் எழுதிவைத்த உயில் குடும்பத்தையே கொலைகளுக்குள் தள்ளுகிறது. உயில் என்றால் என்ன? பேசியவன் இல்லாமல் போன பிறகும் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் எழுத்து. தகப்பனுடைய குரல் தகப்பன் இல்லாத இடத்திலும் ஒலிக்கிறது. அன்னோ ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துவரவில்லை; அந்த வடிவத்துக்குள் இருந்த தகப்பனும் கூடவே வந்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த எழுத்துவகைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் மிஞ்சோ. மிங் வம்சம் என்று பொருள். சீனத்து மரப்பலகைச் செதுக்குவேலையில் உருவான வடிவம். பலகையின் ரேகை பக்கவாட்டில் ஓடியதால் படுக்கைக் கோடு மெலிந்தது, நிற்கும் கோடு தடித்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். படுக்கைக் கோட்டின் வலது முனையில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதற்கு ஜப்பானியத்தில் உரோகோ, அதாவது செதில் என்று பெயர். தூரிகை கோட்டை முடிக்குமுன் ஒரு கணம் அழுந்தி நின்ற தடம் அது. கை போய்விட்டது, கையின் தயக்கம் உலோகத்தில் மிஞ்சியிருக்கிறது. இதைவிட விசித்திரம் இது ஜப்பானுக்கு வந்து சேர்ந்த வழி. ஷாங்காயில் அமெரிக்க பிரெஸ்பிடீரியன் மிஷன் அச்சகத்தை நடத்திவந்த வில்லியம் காம்பிள் 1869ல் நாகசாகிக்கு வந்து, ஷோஸோ மோத்தோகி என்பவருக்கு எழுத்து வார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். ஜப்பானின் நவீன அச்சுக்கு அதுதான் ஆரம்பம். விவிலியம் அச்சடிக்க வந்த எழுத்து. (கொல்லத்தில் 1578ல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நினைவுக்கு வரும், நம் அச்சும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது.) இவாஞ்சலியன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நற்செய்தி என்று அர்த்தம். நற்செய்தியைச் சுமந்துவந்த எழுத்தின் பேரப்பிள்ளை ஒன்று, நூற்றிருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, நற்செய்தி என்ற பெயருள்ள ஒரு கார்ட்டூனுக்குத் தலைப்பாக நிற்கிறது. இதை அன்னோ யோசித்துச் செய்தாரா என்பது முக்கியமில்லை. எழுத்துக்கு நம்மைவிட நீண்ட ஞாபகம் உண்டு.

அந்தப் பேரப்பிள்ளையின் பெயர் மத்தீஸ். ஓவியர் மத்தீஸேதான். ஃபான்ட்வொர்க்ஸ் என்ற ஜப்பானியக் கம்பெனி தன் எழுத்துகளுக்கு மத்தீஸ், ரோடான், ஸூரா என்று பிரெஞ்சுக் கலைஞர்களின் பெயர்களைச் சூட்டியது. அதில் மத்தீஸ் வகையின் எக்ஸ்ட்ரா போல்டு கனம்தான் தொடரில் வருவது. பக்கம் பக்கமாக வாசிக்கச் செய்த கனமில்லை இது. பத்திரிகையின் முதல் பக்கத்தை நினைவூட்டுகிற கனம். 1995 ஜனவரி 17ல் கோபே பூகம்பம். மார்ச் 20ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஸாரின் விஷவாயு. அக்டோபரில் டெலிவிஷன் முன் உட்கார்ந்த ஜனங்கள் அந்த வருஷம் முழுவதும் பெரிய எழுத்தில் கெட்ட செய்தி படித்தவர்கள். அந்தக் கண்களுக்கு முன்னால்தான் இந்த வெள்ளை எழுத்து வந்து நின்றது.

இனி என் கேள்வி. தடித்த எழுத்து ஒரு வாக்கியத்துக்குக் கனம் தருகிறது. வாக்கியம் அந்தக் கனத்தைச் சம்பாதித்ததா? சம்பாதிக்காத கனத்தோடு வாசகன் முன் வருவது ஒருவகைப் பொய் இல்லையா? நம் பக்கங்களுக்கும் இது தெரியாத தந்திரமல்ல. நாலு வார்த்தையை நாலு வரியாக உடைத்து ஒரு முழு வெள்ளைப் பக்கத்தின் நடுவே நிறுத்தினால் கவிதைக்கு ஒரு மௌனம் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த மௌனத்தைக் கவிஞன் உண்டாக்கினானா, காகிதம் உண்டாக்கியதா என்று நாம் விசாரிப்பதில்லை.

எழுத்தின் வடிவத்திலேயே நன்மை தீமை உறைந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நம்பியவர்கள் எங்கே போய் முடிந்தார்கள் என்பது தெரியும். ஜெர்மனியின் பழைய முறுக்கெழுத்தைத் தூய ஜெர்மானிய எழுத்து என்று கொண்டாடிய நாஜிகளே 1941 ஜனவரி 3ல் அதை யூத எழுத்து என்று அறிவித்து ஒழித்துக்கட்டினார்கள். ஒரே வளைவு, ஒரே கோடு. ஒரு சுற்றறிக்கையில் ரத்தம் மாறிவிட்டது. வடிவம் நிரபராதி. ஆனால் அது பேசும் தோரணை நிரபராதி அல்ல. தோரணை எப்போதும் ஒரு உறவைக் கோருகிறது: நான் சொல்கிறேன், நீ கேள்.

இவாஞ்சலியன் தலைப்புகளை இந்தக் கேள்வியோடு மறுபடி பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. அவற்றில் பல, தாங்கள் போட்டுக்கொண்ட எழுத்துக்குத் தகுதியில்லாதவை. வேண்டுமென்றே தகுதியில்லாதவை. முதல் பகுதியின் தலைப்பு தேவதூதர்களின் தாக்குதலை அறிவிக்கிறது. அது அந்த எழுத்துக்குப் பொருத்தம், ராணுவ அறிக்கை மாதிரி. இரண்டாவது பகுதி? ‘அறிமுகமில்லாத, கூரை’. ஆஸ்பத்திரியில் கண்விழிக்கும் பையன் அண்ணாந்து பார்க்கும் வெறும் கூரை. நாலாவது: ‘மழை, ஓடிப்போன பிறகு’. பிரகடனம் செய்ய வேண்டிய எழுத்தில் ஒரு பையனின் முனகல். அதிலும் அந்தக் காற்புள்ளியைப் பாருங்கள். அறிமுகமில்லாத என்ற அடைமொழிக்கும் கூரைக்கும் நடுவே இலக்கணத்துக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. மூச்சு ஒன்று அங்கே சிக்கிக்கொள்கிறது. 16வது பகுதியின் தலைப்பு கீர்க்ககார்டின் புத்தகப் பெயரை எடுத்துக்கொண்டு, ஒரு காற்புள்ளி போட்டு, ‘பிறகு’ என்று முடிகிறது. பிறகு என்ன? கனத்த எழுத்து அந்தரத்தில் நிற்கிறது. எழுத்து கட்டளையின் பக்கம் இழுக்கிறது. காற்புள்ளி தயக்கத்தின் பக்கம். இந்த இழுபறிதான் அந்தத் தலைப்புகளின் உயிர். கனத்தைக் காட்டி வாக்கியத்தைப் பெரிதாக்கும் வேலை இங்கே நடக்கவில்லை. சின்ன வாக்கியம் ஒன்றைப் பெரியவர்களுடைய எழுத்துக்குள் உட்காரவைத்து, அது அங்கே எப்படி நெளிகிறது என்று காட்டுகிறார்கள். தகப்பனுடைய யந்திரத்துக்குள் ஏற்றப்பட்ட பையனின் நிலையும் இதுதானே.

கடைசிப் பகுதியின் தலைப்பில் இந்த இழுபறி எழுத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. ஹார்லன் எல்லிஸனின் ஆங்கிலச் சிறுகதை ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது: உலகத்தின் நட்ட நடுவில் அன்பு என்று கத்திய மிருகம். ஜப்பானியத்தில் அன்பு என்பது ‘அய்’. அதற்கு அழகான, பழைய, கோடுகள் நிறைந்த சித்திர எழுத்து உண்டு. அன்னோ அதை எழுதவில்லை. அயல்நாட்டுச் சொற்களை ஒலிபெயர்க்க வைத்திருக்கும் வறண்ட எழுத்தில் வெறும் ‘அய்’ என்ற ஒலியை மட்டும் எழுதினார். உடனே அது ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதாகவும் ஒலிக்கிறது. மிருகம் அன்பு என்று கத்தியதா, நான் என்று கத்தியதா? சித்திர எழுத்தைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. ஒரே சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது என்பது ஒரு நிலைப்பாடாகிவிடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஷையா பாடையா, ஸ்வரமா சுரமா என்று இங்கே ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை சொல்லுக்கு யார் சொந்தக்காரர் என்பதில் நின்றுபோயிற்று. இங்கே சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஆளே யார் என்று தெரியாமல் போகிறது.

யார் பேசுவது? அச்செழுத்தின் முழு பலமும் இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதில் இருக்கிறது. கையெழுத்துக்கு ஆள் உண்டு, நடுக்கம் உண்டு. அச்சுக்கு ஆள் இல்லை. ஆகவே அது எல்லோருக்குமான உண்மை போல் ஆகிறது. தொடரிலேயே இதற்கு ஒரு படிமம் வருகிறது. உலகத்தை ரகசியமாக ஆட்டிவைக்கும் கிழவர்கள் கூடிப் பேசும் காட்சிகளில், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆட்கள் தெரிவதில்லை. கறுத்த கற்பலகைகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண். கீழே ‘சவுண்ட் ஒன்லி’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள். அதிகாரம் தன் முகத்தை எடுத்துவிட்டு எழுத்தை மாட்டிக்கொள்ளும் காட்சி. கறுப்புப் பலகையும் எழுத்தும் என்ற அளவில் இதற்கும் தலைப்பு அட்டைக்கும் அதிக தூரமில்லை. தன் தலைப்புகளின் சுபாவம் தொடருக்கே தெரிந்திருந்தது என்றுதான் இதை வைத்துக்கொண்டு சொல்வேன்.

கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றிச் சச்சரவு இன்னும் ஓயவில்லை. கதை நின்றுபோகிறது. அசையும் படம் குறைந்து, நிழற்படம், கோட்டுச் சித்திரம், பழைய காட்சிகளின் துண்டுகள், நடுநடுவே கறுப்பில் வெள்ளை எழுத்து. அதே தடித்த மிஞ்சோ. ஆனால் இப்போது அது அறிவிக்கவில்லை, கேட்கிறது. ஏன் ஏறுகிறாய், எதற்குப் பயப்படுகிறாய் என்கிற மாதிரிக் கேள்விகள். தயாரிப்பு அட்டவணை குலைந்து போயிற்று, நேரமில்லை, அதனால் எழுத்தைப் போட்டு நிரப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. அட்டவணை குலைந்தது உண்மைதான். கார்ட்டூனில் மிக மலிவான படம் எழுத்துதான். ஒரு சட்டகம் போதும், அசைக்க வேண்டாம். அப்படியானால் இது வறுமையைக் கம்பீரத்தால் மூடிய வேலை. முன்னே கேட்ட கேள்வி இப்போது கூர்மையாகத் திரும்பி வருகிறது: சம்பாதிக்காத கனம்.

எனக்கு இந்தக் குற்றச்சாட்டு சரியாகப் படவில்லை. மூடவேண்டும் என்றால் அவர்கள் அழகான நிலக்காட்சியைப் போட்டிருக்கலாம், இசையை ஏற்றியிருக்கலாம். எழுத்து எதையும் மூடாது. திரை வெறுமையாக இருக்கிறது என்பதை அது பெரிதாகச் சொல்லிவிடுகிறது. 24 பகுதிகளாக வெளியிலிருந்து கட்டளையாக வந்த எழுத்து இப்போது பையனின் தலைக்குள் இருந்து வருகிறது. வெளியே உள்ள தகப்பனை எதிர்த்து நிற்கலாம், ஓடிப்போகலாம். உள்ளே அச்சாகிவிட்ட தகப்பனிடமிருந்து எங்கே ஓடுவது? நம்முள் நம்மை விசாரிக்கும் குரல் நம் கையெழுத்தில் இல்லை, யாரோ வார்த்துக் கொடுத்த அச்செழுத்தில் இருக்கிறது என்ற விஷயத்தை நாவலில் சொன்னால் ஒரு பக்கம் விளக்கவேண்டியிருக்கும். இங்கே அது ஒரு எழுத்துமுகத்தின் தொடர்ச்சியால் மட்டுமே சொல்லப்பட்டுவிடுகிறது. பணமும் நேரமும் இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். வறுமை கலையை வளர்க்கும் என்ற பஜனையில் சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒரு தடவை இப்படி நடந்தது, அவ்வளவுதான்.

பிறகு எழுத்துக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். கறுப்பில் வெள்ளை, மூலையில் திரும்பும் வரி, ஒரு காற்புள்ளி இவ்வளவும் இருந்தால் போதும், எதையும் இவாஞ்சலியன் ஆக்கிவிடலாம் என்று ஆகிவிட்டது. விளம்பரம், கேலி, வேறு கார்ட்டூன்கள். ஃபான்ட்வொர்க்ஸே இந்த எழுத்தைத் தொடரின் அதிகாரபூர்வ எழுத்து என்று தனியாக விற்றது. அதிகாரபூர்வம் என்ற சொல் இங்கே என்ன அர்த்தத்தில் வருகிறது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. கைனாக்ஸ் 2024ல் திவால் மனு கொடுத்தது. எழுத்து மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. 2023ல் ஃபான்ட்வொர்க்ஸை வாங்கியது யார் தெரியுமா? மோனோடைப். வார்ட் அம்மையார் பளிங்குக் கோப்பையைப் பற்றிப் பேசிய காலத்துப் பெயர், இன்று அமெரிக்கக் கம்பெனியாக. உலகத்தின் மிகப் பருத்த தங்கக் கிண்ணங்களில் ஒன்று இப்போது அதே பெயருள்ள அலமாரியில் இருக்கிறது.

கேலிகள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பயந்த எழுத்தைப் பார்த்துச் சிரிக்க முடிவது நல்லதுதான். என்னைத் தொந்தரவு செய்வது 26வது பகுதியின் கடைசி அட்டைகள். பையன் தன்னைத்தான் ஏற்றுக்கொள்கிறான். சுற்றி நின்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். திரை கறுப்பாகிறது. தகப்பனுக்கு நன்றி சொல்லி, தாயிடம் விடைபெற்று, எல்லாக் குழந்தைகளையும் வாழ்த்தி எழுத்துகள் வருகின்றன. அதே எழுத்து. அதே கனம். வாழ்த்துவதற்காவது ஒரு மெலிந்த எழுத்தை எடுத்திருக்கலாம், கையால் எழுதியிருக்கலாம். எடுக்கவில்லை. யந்திரத்தில் ஏறு என்று சொன்ன அதே குரலில் சந்தோஷமாக இரு என்றால், அந்தப் பையன் அதை எப்படிக் கேட்டுக்கொள்வான்? தகப்பன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நன்றிக்கு முன்னால், ஒரு காற்புள்ளி நிற்கிறது.